வண்டி வந்தது, வாசல் திறக்கவில்லை

மூன்று வில்வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக எங்கள் தெருவுக்குள் நுழைந்தன. உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் வெளியே தெரியாதபடி மூன்றின் கூண்டையும் சுற்றி வெள்ளைத் துணி கட்டியிருந்தது. மாடுகளின் கொம்புக்குப் புதுச் சாயம் அடித்திருந்தார்கள். முதல் வண்டியில் கட்டியிருந்த தட்டியில் ஒரு குடை வரைந்து, ‘உங்கள் சின்னம் குடை’ என்று எழுதியிருந்தது.

வண்டிகள் நின்றன. யாரும் ஏறவில்லை.

முத்தவல்லி மீரான் ராவுத்தர் தெரு நடுவில் நின்றுகொண்டிருந்தார். பள்ளிவாசல் நிர்வாகம் முழுவதும் அவர் கையில். அன்றைக்கு அவர் பஞ்சாயத்து போர்டு வேட்பாளரும்கூட. சில்க் ஜிப்பா, துருக்கித் தொப்பி, நாலு வீட்டுக்கு மணக்கும் அத்தர்.

“ஏறுங்கம்மா, ஏறுங்க. வெயில் வாரதுக்கு முன்னால போட்டுட்டு வந்துரலாம்.”

பங்குனி மாதம். எங்கள் ஊர் வெயில் யாருக்காகவும் காத்திருக்காது. விடிந்த கொஞ்ச நேரத்திலேயே தெரு மண் சுட ஆரம்பித்திருந்தது. கதவுகள் எல்லாம் உள்ளே தாழிட்டிருந்தன. ஆனால் ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் வளையல் சத்தம் கேட்டது.

எங்கள் வீட்டுக் கதவிடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டு நான் நின்றேன். எனக்கு அப்போது பதினொன்றோ பன்னிரண்டோ. அம்மாவின் கை என் தோளில் இருந்தது. குனிந்து என் காதில், “மூச்சுக் காட்டாதட்டி மரியம்” என்றாள். அவளுக்குத்தான் மூச்சு இரைத்துக்கொண்டிருந்தது.

சென்ற வாரம் அத்தாவின் வாடகை சைக்கிள் கடையைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, ‘உங்களைப் பெரிய பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது அத்தாவா, அம்மாவா?’ என்று கேட்கிறார். இருவரும் இல்லை. எங்கள் தெருப் பெண்கள் அத்தனை பேரும் சேர்ந்து அனுப்பினார்கள். அது நடந்தது இந்தத் தேர்தல் நாளில்தான். அதைச் சொல்ல வேண்டுமென்றால் வண்டிகளைக் கொஞ்ச நேரம் அப்படியே நிறுத்திவைத்துவிட்டுப் பின்னால் போக வேண்டும்.

ஐந்தாம் வகுப்போடு சரி

எங்கள் தெருவில் பெண்பிள்ளைகளுக்கு ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்துவிடும். காலையில் பள்ளிவாசலில் குர்ஆன் ஓதிவிட்டு, பக்கத்துத் தெரு ஆரம்பப் பள்ளிக்குப் போவோம். ஐந்து முடிந்ததா, வீட்டுக்குள் வந்துவிட வேண்டும். பையன்கள் மட்டும் மேற்கே இருந்த ஹைஸ்கூலுக்குப் போய் முதல் பாரத்தில், அதாவது ஆறாம் வகுப்பில், சேர்வார்கள்.

இந்தச் சட்டம் எங்கேயும் எழுதி வைக்கப்படவில்லை. முத்தவல்லி சொன்னார், பள்ளிவாசல் இமாமான ஹஸ்ரத் ஆமோதித்தார், அவ்வளவுதான். மீறினால் ஊர் விலக்கு. அந்த வீட்டு நிக்காஹுக்கு ஹஸ்ரத் வரமாட்டார். அந்த வீட்டில் சாவு விழுந்தால் மையித்தைத் தூக்கிப்போகப் பள்ளிவாசல் சந்தூக்குப் பெட்டி வராது. இதற்குப் பயப்படாதவர்கள் யார்?

அம்மா பெயர் பீரம்மாள். அவளையும் ஐந்தோடுதான் நிறுத்தியிருந்தார்கள். அந்த ஐந்தை வைத்துக்கொண்டு அவள் கண்ணில் பட்டதையெல்லாம் வாசித்தாள். எண்ணெய் டின், மருந்துப் பாட்டில், அத்தா கடைச் சுவரில் ஒட்டிய நாடக நோட்டீஸ் எதையும் விடமாட்டாள்.

தெரு ஆண்களில் பாதிப்பேர் கொழும்பிலும் பினாங்கிலும் கடைகளில் இருந்தார்கள். அவர்கள் எழுதும் கடுதாசிகளை அவர்களுடைய மனைவிமாருக்கு வாசித்துக் காட்டுவது அம்மாதான். புருஷன் எழுதியதை அடுத்த வீட்டுக்காரி வாயால் கேட்கும் வெட்கம் இருக்கிறதே, அது சாதாரண வெட்கம் இல்லை. சில இடம் வந்ததும் அம்மா நிறுத்திவிட்டு, “இதுக்கு மேல நான் வாசிக்க மாட்டேன், நீயே நெனச்சுக்கிடு” என்பாள். உட்கார்ந்திருப்பவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சிரிப்பாள். அவள் சிரித்துக்கொண்டே ஓடிப்போன பிறகு அம்மா முறத்தை எடுத்து அரிசி புடைக்க உட்கார்ந்துவிடுவாள். ஒருமுறை மட்டும், “தன் புருசன் எழுதினதத் தானே படிக்கக்கூடாதாம். இது எந்த ஊரு நாயம்?” என்றாள்.

நான் ஐந்து முடித்து ஒரு வருஷம் வீட்டில் இருந்தேன். அந்த ஒரு வருஷத்தில் எனக்குப் அரிசிப் பத்திரி சுடவும் ரவிக்கை தைக்கவும் வந்துவிட்டது. கணக்கு மறக்க ஆரம்பித்தது. அதைச் சொன்னபோதுதான் அம்மா முகத்தில் முதன்முதலாகக் கோபத்தைப் பார்த்தேன்.

யாருடைய தேவை?

இந்த நேரத்தில் தேர்தல் வந்தது. முத்தவல்லிக்கு எதிராக நின்றவர் பஞ்சுக்கடை அண்ணாச்சி. எல்லோருக்கும் வேண்டியவர், கும்பிட்ட கையை இறக்கவே மாட்டார். வார்டில் அவர் பக்கத்து ஓட்டும் எங்கள் பக்கத்து ஓட்டும் ஏறக்குறைய சமம். ஆனால் எங்கள் பக்கத்து ஆண்களில் பாதிப்பேர் கடலுக்கு அப்பால் இருந்தார்கள். மிச்சம் இருந்தது பெண்கள்தான்.

எங்கள் பெண்கள் அதுவரை பகலில் பஜாரைத் தாண்டியது கிடையாது. முத்தவல்லி ஹஸ்ரத்திடம் போனார். ஹஸ்ரத் வடக்கே பெரிய மதரஸாவில் ஓதிப் பட்டம் வாங்கியவர். ஒல்லியான மனிதர், கண்டிப்பானவர். யாரிடமும் ஒரு வெற்றிலைகூட இனாமாக வாங்கமாட்டார். அவர் கிதாபுகளைப் புரட்டி யோசித்தார். பிறகு வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகையில் செய்த பயானில், பெண்கள் உடம்பை மூடித் துப்பட்டி போட்டுக்கொண்டு போய் ஓட்டுப் போடலாம் என்று சொன்னார்.

அத்தா தொழுதுவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தபடி இதைச் சொன்னார்.

“தேவைன்னு வந்தா மார்க்கம் வாசலத் திறந்து விடுமாம். ஹஸ்ரத்து சொல்லுதாவ.”

அம்மா அகப்பையோடு அப்படியே நின்றுவிட்டாள்.

“யாரு தேவை?”

“என்னது?”

“யாரு தேவைக்குத் திறக்குமாம்? முத்தவல்லி மாமுக்குத் தேவைன்னா திறக்கும். எம் பிள்ளைக்குத் தேவைன்னா திறக்காதாக்கும்?”

அத்தா தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். அவருடைய சைக்கிள் கடை பள்ளிவாசல் கட்டடத்தில் இருந்தது. முத்தவல்லி நினைத்தால் ஒரே நாளில் காலி செய்யச் சொல்லலாம். ஆனால் அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

நெய்ச்சோறு ஆறுது

தேர்தலுக்குச் சில நாள் முன்னால் தெருவில் ஒரு வீட்டில் பிள்ளைக்குப் பேர் வைத்தார்கள். ஆண்கள் முன்கட்டில், பெண்கள் பின்கட்டில். பாத்திஹா ஓதி முடிந்ததும் அம்மா எழுந்து கதவைச் சாத்தினாள்.

“வண்டி வரும். யாரும் ஏறாதிய.”

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. அம்மா வேகமாகச் சொன்னாள். பெண்பிள்ளைகளைப் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம் என்று முத்தவல்லி வாயால் சொல்ல வேண்டும். அதுவரை ஒருத்தியும் வாசற்படி இறங்கக் கூடாது.

“ஊரு விலக்கு வச்சிட்டா என்ன செய்ய, பீரம்மா?” என்று ஒருத்தி கேட்டாள்.

“ஒரு வீட்ட விலக்கலாம். தெரு முழுசையும் விலக்கி வச்சிட்டு அவிய யாருக்கு முத்தவல்லியா இருப்பாவ?”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்புறம் சட்டென்று எல்லாச் சிரிப்பும் அடங்கியது. மூலையில் வெற்றிலை மென்றபடி ரகுமத்து மாமி உட்கார்ந்திருந்தாள். முத்தவல்லியின் மனைவி. அவள் இருப்பதை மறந்தே போயிருந்தோம்.

எல்லோருடைய கண்ணும் அவள்மேல். அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. மாமி நிதானமாக எழுந்து, வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, “நெய்ச்சோறு ஆறுது. வாங்க சாப்பிடுவோம்” என்றாள். வேறு ஒரு வார்த்தை இல்லை.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் எங்கள் வீட்டில் எப்படிப் போயின என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே, இதோ முத்தவல்லி வந்துவிட்டார் என்று அம்மா திடுக்கிடுவாள். ஆனால் யாரும் வரவில்லை. வண்டிகள்தான் வந்தன.

சாவி

இப்போது தெருவுக்குத் திரும்புவோம்.

கூப்பிட்டுக் கூப்பிட்டு முத்தவல்லியின் தொண்டை கம்மியது. விஷயம் அவருக்கு மெல்ல மெல்லப் புரிந்தது. யார் வேலை இது என்று கேட்டார். ஆனால் அம்மாவைத் தவிர வேறு யாருக்கு இந்தத் துணிச்சல் வரும் என்று அவருக்கே தெரியும். நேராக எங்கள் வாசலுக்கு வந்தார். அத்தா வெளியே நின்றுகொண்டிருந்தார்.

“காதரு, ஒம் பொண்டாட்டிய வந்து வண்டியில ஏறச் சொல்லு.”

“சொல்லிப் பாத்துட்டேன் மாமு.”

“ஆம்பளதானல நீ? நாளைக்குக் காலையில கடைச் சாவி எங் கையில இருக்கணும். பள்ளிவாசல் கட்டடத்துல இருந்துக்கிட்டு ஜமாஅத்த எதுத்துப் பொழைக்கலாம்னு பாக்கியா?”

அத்தா பயந்த சுபாவம். யாராவது சைக்கிளை உடைத்துக் கொண்டுவந்தாலும் அவர்தான் மன்னிப்புக் கேட்பார். அவர் கை இடுப்பு வாருக்குள் போவதைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். சாவியை எடுத்து, பக்கத்தில் நின்ற வண்டியின் பலகைமேல் வைத்தார்.

“நாளைக்கு எதுக்கு மாமு. இப்பமே வச்சிக்கிடுங்க.”

என் தோளில் இருந்த அம்மாவின் கை இறுகியது. அவள் அழுகிறாளோ என்று நிமிர்ந்து பார்த்தேன். இல்லை. அத்தாவை அவள் பார்த்த அந்தப் பார்வையை, எழுதத் தெரிந்த நாளிலிருந்து எழுதிப் பார்க்கிறேன். வரவில்லை.

மாமிக்குக் கால்வலி

முத்தவல்லி இதை எதிர்பார்க்கவில்லை. சாவியைத் தொடவும் இல்லை. விறுவிறுவென்று தன் வீட்டுக்குத் திரும்பி உரக்கக் கூப்பிட்டார்.

“ரகுமத்து! நீ வந்து மொதல்ல ஏறு. இவளுவ பாக்கட்டும்!”

முத்தவல்லி வீட்டுக் கதவு திறந்தது. அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. இங்கே அம்மா, “போச்சுட்டி” என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

வெளியே வந்தது மாமி இல்லை, அவள் மகள் சபுரா. என் வயதுக்காரி. என்னோடு ஐந்து முடித்து, என்னைப் போலவே வீட்டில் உட்கார்ந்திருந்தவள். பாடம் ஒப்பிப்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டு சொன்னாள்:

“அம்மாக்குக் கால் வலிக்காம் அத்தா. வண்டி ஏற முடியாதாம்.”

“கால் வலியா? நேத்து வரைக்கும் நல்லாத்தான இருந்தா?”

“இப்பந்தான் வலிக்காம். நான் முதல் பாரம் சேந்தேன்னா சரியாயிரும்னு சொல்லச் சொன்னா.”

அதற்கப்புறம் எங்கள் தெருவில் எழுந்த சிரிப்பை நான் இன்றுவரை வேறு எங்கும் கேட்டதில்லை. மூடிய கதவுகள் எல்லாம் சிரித்தன. வண்டிக்காரர் ஒருவர் துண்டை வாயில் வைத்துக்கொண்டு மாட்டுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார். சபுரா மட்டும் சிரிக்கவில்லை. சொன்ன வார்த்தை சரிதானா என்று தன் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

சிரிப்புச் சத்தம் கேட்டு ஹஸ்ரத் பள்ளிவாசலிலிருந்து வந்துவிட்டார். முத்தவல்லி அவரிடம் ஓடினார். “நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க ஹஸ்ரத்து. கேக்க மாட்டேங்காளுவ.”

ஹஸ்ரத் எங்கள் கதவுக்குச் சற்றுத் தள்ளி, முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். தெரு அமைதியாகிவிட்டது.

“என்ன வேணும் உங்களுக்கு?”

அம்மா கதவைத் திறக்காமலே சொன்னாள். குரல் முதலில் உடைந்தது, பிறகு நிமிர்ந்துவிட்டது. “தேவைன்னு வந்தா வாசல் திறக்கும்னு நீங்கதான சொன்னிய ஹஸ்ரத்து. எங்க பிள்ளைகளுக்குப் படிப்பு தேவை. அதுக்கும் திறக்கச் சொல்லுங்க.”

“இது பேரம். மார்க்க விஷயத்துல பேரம் பேசலாமா தாயி?”

“பேரத்த நாங்களா ஆரம்பிச்சோம்? எங்க வாசல்ல வண்டிய நிறுத்தினது யாரு?”

ஹஸ்ரத் தாடியைத் தடவியபடி தரையைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் கோபப்படுகிறாரா யோசிக்கிறாரா என்று தெரியவில்லை. முத்தவல்லி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில்தான் முத்தவல்லியின் மச்சினர் ஓட்டுச் சாவடிப் பக்கமிருந்து சைக்கிளில் பறந்து வந்தார். “மச்சான், அண்ணாச்சி பக்கம் பாதி முடிஞ்சிட்டு! பொம்பளைய எல்லாம் வரிசையில நிக்காவ. நம்ம பெட்டியில ஈ ஓட்டுதோம்!”

முத்தவல்லி தொப்பியைக் கழற்றினார், மாட்டினார். மூன்று வண்டிகளையும் பார்த்தார். தன் வீட்டுக் கதவைப் பார்த்தார். கடைசியில் வெயிலிடம் சொல்வதுபோல் தலையை நிமிர்த்திச் சொன்னார்:

“சரி. சேத்து விடுங்க. எல்லாத்தையும் கொண்டு சேத்து விடுங்க!”

“ஹஸ்ரத்து சாட்சி சொல்லணும்” என்றாள் அம்மா.

ஹஸ்ரத் கதவுப் பக்கம் திரும்பாமலே, “நான் காதால கேட்டேன்” என்றார்.

தெருவை நிறைத்த வெள்ளை

தாழ்ப்பாள்கள் விலகும் சத்தம் தெரு நெடுகக் கேட்டது. கதவுகள் படபடவென்று திறந்தன. வெள்ளைத் துப்பட்டி போர்த்திய பெண்கள் ஒவ்வொரு வாசலிலிருந்தும் இறங்கினார்கள். ரகுமத்து மாமி எல்லோருக்கும் முன்னால் விடுவிடுவென்று நடந்தாள். கால்வலி போன இடம் தெரியவில்லை.

வண்டிகளில் பாதிப்பேருக்குக்கூட இடம் பற்றாது. இருந்த இடத்திலும் யாரும் ஏறவில்லை. “எதுக்கு வண்டி? நடப்போம்” என்று யாரோ சொன்னார்கள். யார் சொன்னது என்று பிற்பாடு பெரிய விவாதமே நடந்தது. பல பேர் தாங்கள்தான் சொன்னதாகச் சாதித்தார்கள். எப்படியோ நடந்தோம். பஜார் வழியாக, பகலில், தெருப் பெண்கள் எல்லோரும். பூக்கடைக்காரர்கள் பூக் கட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். தேரடி பக்கம் நின்றுகொண்டிருந்த பஞ்சுக்கடை அண்ணாச்சி எங்களைப் பார்த்ததும் தன் தோல்வி தெரிந்துவிட்டதுபோலச் சிரித்து, வழக்கம்போலக் கும்பிட்டார். வெற்று வண்டிகள் மூன்றும் எங்கள் பின்னால் கடகடவென்று வந்தன.

அம்மா சாவடிக்குள் போய், திரும்பி வந்து, மை வைத்த விரலை என்னிடம் நீட்டினாள். “மோந்து பாருட்டி” என்றாள். ஏதோ மருந்து வாடை. எனக்கு அது அத்தரைவிட நன்றாக இருந்தது.

இந்தக் களேபரத்தில் கடைச் சாவி வண்டிப் பலகையிலேயே கிடந்து ஊரைச் சுற்றியிருக்கிறது. சாயங்காலம் வண்டிக்காரர் கொண்டுவந்து கொடுத்தபோதுதான் அத்தாவுக்கு ஞாபகம் வந்தது. மறுநாள் வழக்கம்போலக் கடையைத் திறந்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஹஸ்ரத் சொன்னது

முத்தவல்லி ஜெயித்தார். மாலை போட்டார்கள், சர்பத் கொடுத்தார்கள். பள்ளிக்கூடம் திறக்கும் நாள் நெருங்கியபோது அவர் வேறு மாதிரிப் பேச ஆரம்பித்தார். “அவசரத்துல சொன்னது. கூடிப் பேசி முடிவு செய்வோம்” என்றார். கூட்டம் ஒவ்வொரு வாரமும் தள்ளிப் போனது. அம்மா சாப்பாட்டைக் குறைத்துவிட்டாள்.

ஒரு ஜும்மாவில் ஹஸ்ரத் பயான் முடித்து இறங்கப் போனவர் மறுபடி திரும்பினார். அன்று அவர் சொன்னதை அத்தா வீட்டுக்கு வந்து வார்த்தை மாறாமல் சொன்னார். நான் எத்தனையோ முறை திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

“பெரிய பிள்ளைகள் பள்ளிக்கூடம் போறதுல எம் மனசு இன்னும் ஒப்பல. அத மறைக்க மாட்டேன். ஆனா வாக்குக் கொடுத்தாச்சு. அதுக்கு நான் சாட்சி. கொடுத்த வாக்க முறிக்கிறது முனாஃபிக்கோட, அதான் நயவஞ்சகனோட, அடையாளம்னு இதே இடத்துல நின்னு உங்களுக்குச் சொல்லியிருக்கேன். என்னையும் முனாஃபிக் ஆக்காதிய.”

முத்தவல்லி முதல் ஸஃப் வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாராம்.

பிற்காலத்தில் எனக்குச் சாதகமாகப் பேசிய பல பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். மனம் ஒப்பாமலே எனக்காக நின்ற அந்த ஒரு மனிதருக்கு நான் பட்ட கடன் தனி.

ஜமாஅத் சில நிபந்தனைகள் போட்டது. துப்பட்டி போட வேண்டும். வகுப்பில் பெண்பிள்ளைகளுக்கும் பையன்களுக்கும் நடுவே திரை கட்ட வேண்டும். ஹெட்மாஸ்டர் எல்லாவற்றுக்கும் சரி என்றார். அந்தத் திரையின் கதை பெரிய கதை. காற்றுக் காலத்தில் அது நிற்கவே நிற்காது.

முதல் நாள்

பள்ளிக்கூடம் திறந்த அன்று நானும் சபுராவும் இன்னும் இரண்டு பேரும் போனோம். கொண்டுபோய் விட அம்மா வந்தாள். அவசரத்தில் வெகு சீக்கிரம் கிளம்பிவிட்டோம். பள்ளிக்கூடத்தில் யாருமே வந்திருக்கவில்லை. காவல்காரர் கேட்டைத் திறந்துவிட்டு, முதல் பாரம் எது என்று காட்டினார். மற்ற மூவரும் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார்கள்.

வகுப்பு வாசலில் அம்மா தயங்கினாள்.

“உள்ள வரலாமாட்டி?”

“வாம்மா. யாரும் இல்ல.”

உள்ளே வந்தாள். கரும்பலகையை விரலால் தொட்டுப் பார்த்தாள். விரலில் ஒட்டிய வெள்ளையைப் பார்த்துச் சிரித்தாள். திரையை விலக்கிக்கொண்டு போய் முதல் பெஞ்சின் தூசியைத் துப்பட்டி முனையால் துடைத்தாள். பிறகு மெல்ல உட்கார்ந்து, டெஸ்க்கின்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, சுற்றிலும் பார்த்தாள்.

“இம்புட்டுத்தானா?” என்றாள். “நாலு செவுரு, ஒரு பலகை. இதுக்கா எங்கள உள்ள விடாம இம்புட்டுக் காவல் காத்தாவ?”

சிரித்தாள். நானும் சிரித்தேன். வெளியே பிள்ளைகளின் சத்தம் கூடியது. மணி அடித்தது.

“அம்மா, மணி அடிச்சிட்டு.”

“அடிக்கட்டும்ட்டி” என்றாள். எழுந்திருக்கவில்லை.